அண்ணையின் படையலில் வைக்காத போத்தல்

அண்ணை சாவகச்சேரியில் பிறந்தார். ஐயா இறந்தபின் அவரும் நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பல எல்லைகளைக் கள்ளமாகக் கடந்து பிரான்சுக்கு வந்தோம். நான் சமையலறை, கப்பல், லொறி என்று அலைந்தேன். அண்ணை தெற்கே ஒரு மலைச்சரிவில், ஒரு குடும்பம் நடத்திய திராட்சைத் தோட்டத்தில் நின்றுவிட்டார்.

அந்தச் சரிவில் இயந்திரம் ஏறாது. பழங்களைக் கூடையில் முதுகில் சுமந்து இறக்க வேண்டும். கூடைப் பட்டி வெட்டிய தழும்பு அவர் தோளில் கடைசிவரை இருந்தது. கபர்னே திராட்சையோடு வேறு இரண்டு இனம் கலந்து அங்கே ஒரு வைன் செய்தார்கள். வருடத்துக்குக் கொஞ்சப் போத்தல்தான். ஒவ்வொன்றிலும் கையால் இலக்கம் எழுதுவார்கள். சேர்த்து வைப்பவர்கள் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். அண்ணை லண்டனுக்குப் புறப்பட்டபோது, அவர் முதன்முதல் சுமந்த அறுவடையின் போத்தல் ஒன்றைத் தோட்டக்காரர் கொடுத்து, இருபது வருடம் திறக்கவேண்டாம் என்றார்.

அண்ணை குடிப்பவர் அல்லர். இங்கே லண்டனில் பேக்கரி ஷிப்ட் செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தார். செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த வீட்டுப் படிக்கட்டின் கீழ் அந்தப் போத்தலைப் படுக்க வைத்திருந்தார். விலைக்குக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னார்:

“தம்பி, என்ரை எட்டுச் செலவுக்கு அதை உடைச்சு வை. நான் காவின பழம். ஒருக்காலும் ருசி பாக்கேல்லை.”

“இப்பவே உடைப்பமே அண்ணை?”

“விசரே உனக்கு? இஞ்சை தண்ணியே அளந்தெல்லோ தருகினம்.”

எட்டுச் செலவுக்குப் படையல் வைக்கும் எட்டாம் நாள் காலை இதை எல்லோருக்கும் சொல்லிவிட்டே பலகாரம் எடுக்க அப்டன் பார்க் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது படையலில் விஸ்கி இருந்தது.

“ஆம்பிளையின்ரை படையலுக்கு உதுதானே வழமை,” என்றார் சித்தப்பா.

பின்வளவில் சித்தப்பாவின் மூன்று மகன்மாரும் நின்றார்கள். ஸ்க்ரூ டிரைவரால் தக்கையை உள்ளே தள்ளியிருந்தார்கள். போத்தல் வெறுமையாக இருந்தது.

“சரியான பழசு அண்ணை, புளிச்சுப் போச்சு. அதுதான் கோலா விட்டனாங்கள். கோவிக்காதையுங்கோ, கடையிலை புதுசு வாங்கித் தாறம்,” என்று மூத்தவன் எனக்குச் சொன்னான்.

இறந்தவர் விரும்பியதை வைக்கத்தான் அந்தப் படையல். அவர் விரும்பியதை நீங்கள் குடித்துவிட்டு, நீங்கள் விரும்பியதை அவருக்கு வைத்தீர்கள். சபையில் சண்டை வேண்டாமென்று அன்று வாயை மூடிக்கொண்டேன். அண்ணையின் இந்த நினைவு மலரில் மூடமாட்டேன்.

தோட்டக்காரர் இப்போது இல்லை, மகள் நடத்துகிறார். அந்த வருடத்துப் போத்தல் அவர்களிடமும் மிஞ்சவில்லை. அண்ணையின் செய்தி கேட்டுப் போனில் அழுதார். பிறகு, அந்த வைன் எப்படி வந்திருந்தது என்று கேட்டார். கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் அண்ணையைத் தாங்கிய தாதிமாருக்கும், இரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டாருக்கும், சமைத்துத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின்வளவில் நின்ற மூவருக்கும் ஒன்று கேட்கிறேன். கோலா விடுமுன் ஒரு மிடறாவது குடித்திருப்பீர்கள். புளித்தது என்று மட்டும் சொல்லாமல், அது எப்படி இருந்தது என்று ஒருவராவது வந்து சொல்லுங்கள். உங்களுக்கும் நன்றி சொல்வேன்.

— தம்பி