கடை வாசலில் மகளின் படம்

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும். படிப்பு ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி; ஞாபகமும் இப்போது நடுவில் நடுவில் விட்டுப்போகிறது. பொறுத்துப் படியுங்கள். மலேசியாவில், ஈப்போவில், மகள் கிளினிக் வைத்திருக்கும் கடை வாசலைக் காலையில் கூட்டப் போனால், என்னைவிட உயரமாக என் மகள் கௌரி துணியில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இங்கே அதற்கு 'பண்டிங்' என்று பெயர். பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே துடைப்பத்தை வீசக் கை வரவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு கூட்டுகிறேன்.

கௌரி, மூட்டு வலிக்கும் கை கால் விழுந்தவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் பிசியோ. ஆஸ்பத்திரி வேலையை விட்டுச் சொந்தமாகக் கிளினிக் திறந்தாள். வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் பார்த்து, "டாக்டரு எப்ப வருவாரு?" என்பார்கள். "நான்தாங்க பாக்குறது" என்று அவள் சொல்வது மேசையைத் தாண்டாது. அப்புறம் வருகிறோம் என்று போனவர்கள் வரவில்லை. கிளினிக்கை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடலாம் என்ற நிலைமையில், கூடப் படித்தவள் சொன்னாளென்று தன் படத்தை வாசலில் வைக்கத் துணிந்தாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி, பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவள். அந்த நாளில் எங்கள் ஊர்ச் சுவரில் ஒரு பெண்ணின் முகம் ஏறியதென்றால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். இங்கேயும் தமிழ்ப் பேப்பரில் நம் பெண்களின் சிரித்த முகத்தை நான் அதிகம் பார்ப்பது நினைவஞ்சலிப் பக்கத்தில்தான். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசாத பழக்கம் வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டது.

படம் அடித்துக் கொடுத்த சீனர், இந்தியர் கடையாயிற்றே என்று தானாகவே இரண்டு பக்கமும் குத்துவிளக்கைச் சேர்த்துவிட்டார். வாங்கப் போன நான் விளக்கைக் காட்டினேன். "லம்பு சந்திக் மா, ஆண்ட்டி. இண்டியன் சுக்கா," என்றார். விளக்கு அழகாம், நமக்குப் பிடிக்குமாம். ஆசையாகச் செய்திருந்தார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுவாரம், தோட்டத்து லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்த அஞ்சலை, புருஷன் முனியாண்டியோடு அழுதுகொண்டே உள்ளே வந்தாள். அவர் முட்டி வலிக்குப் பெரியாஸ்பத்திரி போகும் வழியில் பஸ்ஸிலிருந்து படத்தைப் பார்த்தார்களாம். "அக்கா, நம்ம கௌரி போயிட்டாளே, ஒரு வார்த்த சொல்லலியே," என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

கௌரி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "யாரு சித்தி போயிட்டது?"

அஞ்சலை அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முனியாண்டி, "வெளக்கு வேற வச்சிருக்கு. சாமி படமா இருக்கணும், இல்ல செத்தவங்க படமா இருக்கணும்," என்றார்.

கௌரியின் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னிக்கே கழட்டிடுறேன்லா. போதும்."

"ஏன்டி கழட்டணும்? அது இல்லேன்னா நீ இங்க இருக்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல இந்த மனுஷன் முட்டியப் பாரு," என்றாள் அஞ்சலை.

"பொம்பளப் புள்ள கையிலயா? ஆம்பள டாக்டரு யாரும் இல்லியா?" என்று முனியாண்டி நெளிந்தார்.

"ஆமா, இவரு புது மாப்பிள்ள. இவரு பொறந்தப்ப கையில ஏந்துனது மருத்துவச்சியா, தோட்டத்துக் கங்காணியா?"

கௌரி சிரிக்கவில்லை. "வேற யாரும் இல்ல சித்தப்பா. இது என்னோட கிளினிக். நான்தான் பாப்பேன். செருப்பக் கழட்டிட்டு ஏறிப் படுங்க."

வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது பெற்ற எனக்கே தெரியாது. முனியாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார்.

அவர் முட்டி இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால், "டாக்டரு பொம்பளதான், கொஞ்சம் அதட்டும்," என்று சொல்லி அவரே தோட்டத்திலிருந்து ஆள் அனுப்புகிறார். குத்துவிளக்கு இரண்டையும் மட்டும் கௌரி வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டாள்.

இதை ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். தம்பி மகன் சிரிக்கிறான். "அத்தை, இப்ப இங்க சடங்குக்கும் பேனர், எலெக்சனுக்கும் பேனர். ரோடு முழுக்கப் பொம்பளைங்க மூஞ்சிதான்." எனக்கு நம்ப முடியவில்லை. என் ஞாபகத்தில், நான் விட்டு வந்த ஊர்ச் சுவரில் இன்னும் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை முகம்தான் ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது அவன் சொல்வது நிஜமா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதியதில் தப்பு இருந்தாலும் திருத்திவிடுங்கள். கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள, என் வயதில் அங்கே எனக்கு யாரும் மிச்சமில்லை.