கொன்றாயிற்று

உள்ளறையில் தகரப்பெட்டி ஒன்று தடாலென்று விழுந்தது. கூடவே ஓர் இருமல்.

“உயிரோட இருக்கியா, ஓடுகாலி?” தையல்காரி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

“இருக்கேன்க்கா. பெட்டி கிடைச்சிருச்சு.”

ஒற்றைக் கையால் பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் தம்பி வந்தான். முன்னறையில் இருந்த ஒரே நாற்காலியில் நகர மன்றத்து எழுத்தர் உட்கார்ந்திருந்தார். தையல்காரியின் காலஞ்சென்ற கணவர், ஊரே கையெடுத்துக் கும்பிட்ட பூதவேட்டைக்காரர். மீன் முள் தொண்டையில் சிக்கிச் செத்த அந்த மாவீரருக்குக் கடைத்தெருவில் சிலை வைக்கப்போகிறார்கள்.

எழுத்தர் தாளைப் பிரித்துப் படித்தார். “‘பாலத்துப் பூதத்தைத் தன்னந்தனியே வென்ற மாவீரர். உடன் சென்ற மைத்துனன் ஓடிப்போன பின்னும் கலங்காதவர்.’ இதுக்குக் கீழே அவரே கைப்பட எழுதின ஒரு வரி வேணும்மா. ‘கொன்றேன்’னு முடியணும். கல்லுல பாக்க கம்பீரமா இருக்கும். நாளைக்குக் கல்தச்சன் உளி எடுக்கிறான்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பேச்சில் இருந்த அவமானம் நாளை கல்லில் ஏறப்போகிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன் பாலத்திலிருந்து கணவர் பூதத்தின் வாலோடு மேளதாளமாகத் திரும்பினார். மூன்று நாள் கழித்து, ஒரு கை இல்லாமல் தம்பி தவழ்ந்து வந்தான். “நான்தான்க்கா குத்துனேன்” என்றான். ஊர் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். ஓடுகிற அவசரத்தில் எங்கோ கையை விட்டுவிட்டான் என்று கணவர் சொன்னார். என்னவோ குடையை மறந்து வைத்ததைப் போல! அதையும் நம்பினார்கள். அன்றிலிருந்து அவன் தட்டில் சோற்றோடு ‘ஓடுகாலி’யையும் சேர்த்துப் பரிமாறியவள் அவள்தான்.

அவள் பிழைப்பு பூதத் தோலைத் தைப்பது. மூன்று ஊசி வளைந்தால்தான் ஒரு சட்டைக் கை தைத்து முடியும். கணவரின் வேட்டை அங்கி இன்னும் ஆணியில் தொங்கியது. அதில் அவள் போட்ட ஒட்டுகள் பதினேழு. அத்தனையும் முதுகில். பூதங்கள் கோழைகள், பின்னாலிருந்துதான் பாயும் என்று அவர் சொல்லியிருந்தார். ஐயோ பாவம், அந்தப் பேதை அதற்கும் தலையாட்டியிருந்தாள்.

பெட்டியில் கணவர் எழுதிய இருபத்திரண்டு நாட்குறிப்பு நோட்டுகள். வேட்டை ரகசியம், பொம்பளை தொடக்கூடாது என்று பூட்டி வைத்திருந்தவை. எழுத்தர் முதல் நோட்டைப் பிரித்தார்.

“‘காலையில் எழுந்தேன். வெந்நீர் போட்டாயிற்று. குளித்தேன். தின்றேன். பாத்திரம் கழுவியாயிற்று. தூங்கினேன்.’ அடடா, பாத்திரமெல்லாம் கழுவுவாராம்மா?”

“அவரா? பாத்திரத்துக்கு உள் எது, வெளி எதுன்னே தெரியாது. ‘ஆயிற்று’ன்னு இருந்தா அது நான் செஞ்சது. தின்னதும் தூங்குனதும்தான் அவர் செஞ்சது.”

எழுத்தர் சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டினார். “‘சதுப்புநிலப் பேயைக் கொன்றாயிற்று. ஒற்றைக்கொம்பனைக் கொன்றாயிற்று.’ என்னம்மா இது, ஒரு ‘கொன்றேன்’கூட இல்லையே?”

மெஷின் நின்றது.

அவள் எழுந்து வந்து பாலத்து வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தாள். உரக்கப் படித்தாள்.

“‘பாலத்தை அடைந்தேன். மரத்தில் ஏறினேன். பூதத்தைக் கொன்றாயிற்று. இறங்கினேன். வாலை எடுத்துக்கொண்டேன். மைத்துனனைத் தூக்க முடியவில்லை, வாலே நல்ல கனம். வீட்டுக்கு வந்து தின்றேன்.’”

அன்றைக்கு இரண்டாம் முறையும் சோறு கேட்டவருக்கு அவள்தானே ஆசையாகப் போட்டாள்!

எழுத்தர் தொண்டையைச் செருமினார். “பெரிய மனுஷங்க எழுத்து நடை அப்படித்தான்மா இருக்கும்.”

“நடையா? ஏறுனது, இறங்குனது, தின்னது எல்லாம் ‘ஏன்’ல முடியுது. கொன்னது மட்டும் தானா ஆயிடுச்சா? போய் வெட்டுங்க, ‘மரத்தில் ஏறினேன்’னு. கம்பீரமா இருக்கும்.”

“சிலை வாளோட நிக்குதும்மா.”

“வாளைப் பிடுங்கிட்டுக் கிளையைக் குடுங்க.”

“சிலை செஞ்சாச்சே...”

“என் முன்னால ‘ஆச்சு’ன்னு பேசாதீங்க!”

அவர் மடியிலிருந்த தாளை அவள் பிடுங்கினாள். தோல் வெட்டும் பெரிய கத்தரியால் மைத்துனன் ஓடிப்போன வரியைத் தையல் அளவுக்குச் சுத்தமாக வெட்டியெடுத்தாள். மிச்சத்தை நீட்டினாள்.

“இந்த வரி கல்லுல இருந்துச்சுன்னா, சிலை திறக்கிற அன்னைக்கு இருபத்திரண்டு நோட்டையும் பீடத்துல ஏறி நின்னு வாசிப்பேன். என் குரல் எவ்வளவு தூரம் கேக்கும்னு உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். பக்கத்துத் தெருவுக்கும் தெரியும். எழுத்தர் நடுவில் ஓட்டை விழுந்த மாவீரரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வர்றேம்மா” என்றார். வாசலில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்படியே நடந்தார்.

தம்பி போய்க் கதவைச் சாத்தினான்.

“சாத்தியாச்சுக்கா.”

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. “யாரு சாத்துனது, தம்பி?”

அவன் புரியாமல் அவளையும் கதவையும் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

“நான்... நான்தான்க்கா சாத்துனேன்.”