பின்சீட்டு ரேடியோ

பள்ளி வேன் ஓட்டியவரின் மகளுக்கு வேனுக்குள் ‘ரேடியோ’ என்று பெயர். ஏறினால் ஓயமாட்டாள். பள்ளி வாசலில் இறங்கினால் ஊமைக்கோட்டான்.

டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

“உங்க பொண்ணு வாயே திறக்கறதில்ல. ஒரு பாடமாவது வாசிச்சுக் காட்டணும். இல்லன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்.”

“யாரு, எங்க ரேடியோவா? அதை நிறுத்தற பொத்தான் எங்கன்னு தெரியாம நான் முழிக்கிறேன் டீச்சர்!”

அன்று மாலை அப்பா அவளுடைய கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார்.

“அட, இங்கேருந்து பாத்தா ஒரு மூஞ்சிகூட இல்ல. எல்லாம் பின்னந்தலை.”

மறுநாள் டீச்சரை முன்சீட்டில் ஏற்றினார்.

“திரும்பவே கூடாது டீச்சர். தும்மினாலும் ரோட்டைப் பாத்தே தும்முங்க.”

பிள்ளைகள் எல்லாம் இறங்கியாயிற்று. மடியில் புத்தகம் விரிந்திருந்தது. நிமிர்ந்தவள் மறுபடி அதற்குள்ளேயே குனிந்துகொண்டாள். டீச்சர் திரும்பவில்லைதான்; கழுத்தை நீட்டி, டிரைவர் கண்ணாடி வழியே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சரே பிட் அடிச்சா எப்படி?” அப்பா கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பினார்.

டீச்சர் வீட்டுச் சந்தில் வண்டியைத் திருப்ப அப்பா ரிவர்ஸ் எடுத்தார். கண்ணாடியைத் திருப்பியதே அவருக்கு மறந்துபோயிற்று.

“அப்பா! குப்பைத்தொட்டி! நிறுத்துப்பா!”

டமார்.

“கத்தினேன்ல? காது கேக்கலையா? கண்ணை எங்க வெச்சிருக்க?” திட்டிய சூட்டிலேயே புத்தகத்தை எடுத்துப் பாடத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள்.

டீச்சர் திரும்பாமலே சொன்னார்: “பாஸ்.”

அப்பா இறங்கிப் பின்பக்கம் பார்த்தார். “பம்பர் ஃபெயில்.”

ஒடுங்கிய பம்பரை அவர் கடைசிவரை மாற்றவில்லை. “என் பொண்ணோட சர்டிபிகேட்” என்று எல்லாரிடமும் காட்டுவார்.

போன வாரம் அப்பா இறந்துபோனார். மகள் இப்போது பாலம் கட்டும் இன்ஜினியர். அலுவலகத்தில் வரைபடத்தைத் திரையில் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுத்தான் பேசுவாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தது. எங்கு பார்த்தாலும் முகம்.

“அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லும்மா” என்றார் சித்தப்பா.

எழுந்தாள். நேரே வெளியே போய் வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் முன்கதவு திறந்தது. தலை நரைத்த டீச்சர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். டிரைவர் சீட்டு காலியாக இருந்தது. டீச்சர் கை நீட்டிக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பினார். ரோட்டைப் பார்த்தபடி, “ம்” என்றார்.

“அப்பாவுக்கு ரிவர்ஸே வராது டீச்சர்” என்று ஆரம்பித்தாள்.