மூன்று வேலைக் கார்

சின்னமனூரில் பேருந்து நகரவில்லை. குறுக்கே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. கண்ணாடியில் வக்கீல் ஸ்டிக்கர், பக்கத்தில் பிரஸ் ஸ்டிக்கர், முன்னால் கட்சிக்கொடி. ஆளைக் காணோம்.

என் மடியில் ஒரு போர்ச்சுகல்காரரின் வாழ்க்கை வரலாறு. அவரும் வக்கீல், பத்திரிகையாளர், அரசியல்வாதி. ஒரே ஆயுளில் எப்படி முடிந்தது என்று வியந்துகொண்டே வந்தேன்.

"மூணு பேர் வண்டியா?" பக்கத்தில் திராட்சைப் பெட்டியோடு இருக்கும் அம்மாவிடம் கேட்கிறேன்.

"ஒரே ஆளுதான். போலீசு கேட்டா வக்கீலும்பாக, கோர்ட்டுல கேட்டா பிரஸ்ஸும்பாக, ரெண்டு பேரும் கேட்டா கொடியக் காட்டுவாக."

ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். வெயிலில் திராட்சை வேகிறது.

"நல்லா வாதாடுவாரா?"

"அட நீங்க வேற! அவுக மேல இருக்க கேஸுக்கே வேற வக்கீலுல்ல வச்சிருக்காக!"