தலையில்லாத புழு எப்படி ஓடியது

தொட்டிக்காரர் மச்சானிடம் முப்பதாயிரம் கடன் வாங்கியிருந்தார். அந்தப் பணத்தில்தான் தன் வீட்டுப் பின்னறையில் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கி, அழகுக்கு வளர்க்கும் குட்டிச் சிவப்பு இறால்களை விட்டார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட மனிதர். ஆனால் தண்ணீரை முகர்ந்தே அதன் குணத்தைச் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். சொல்லட்டுமே, யாரும் நடாமல் தானே முளைத்த மரம் அது!

நீர்ச்செடியோடு ஒட்டிக்கொண்டு வந்தன தட்டைப்புழுக்கள். அம்புத் தலை, மாறுகண், நூல் உடம்பு. இறால் குஞ்சுகளை விழுங்கத் தொடங்கின. சனிக்கிழமை வியாபாரி வருவார். புழுவைக் கண்டால் ஒரு இறாலையும் தொடமாட்டார். அப்புறம் கடனுக்கு ஈடாகத் தொட்டிகள் மச்சான் வண்டியில்தான் ஏறும்.

தொட்டிக்காரர் புழுக்களைப் பிடித்து, பிளேடால் துண்டு போட்டு, இறாலுக்குத் தீனியாகட்டும் என்று உள்ளேயே போட்டார். சில நாளில் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாகி நின்றது!

"பீன்ஸ் மாதிரி நறுக்கி நட்டுட்டீங்க. அறுவடை எப்போங்க?" என்றாள் மனைவி.

கோபத்தில் ஒரு புழுவைத் தட்டில் விட்டு மறுபடி வெட்டினார். எண்ணெய் போல வழுக்கி நகர்ந்த புழு, பிளேடு பட்டதும் குறுகி நீண்டு, குறுகி நீண்டு, கம்பளிப்பூச்சியாகப் பாய்ந்தது. கடுகு அரைத்துக்கொண்டிருந்த மனைவி, அந்த விரலைத் தட்டு நீரில் நனைத்தாள். தலைத்துண்டு துடித்து ஓடியது. தலையில்லாத துண்டும் அதே ஓட்டம்!

"அடியே, தலையே இல்ல, எதால உறைக்குது இதுக்கு?"

"உடம்பெல்லாம் புத்தி போல. சிலருக்குத் தலை இருந்தும் உறைக்கிறதில்ல."

"கடுகைத் தொட்டியில கரைச்சிடவா?"

"இறாலும் சேர்ந்து போய்ச் சேரும்!"

அப்படியானால் இறாலுக்கு நோகாமல், புழு மட்டும் வெறுப்பது எது? புதுத் தட்டில் நல்ல தண்ணீரும் நாலு புழுவும் விட்டு ஜன்னலைத் திறந்தாள். வெயில் விழுந்ததுதான் தாமதம், நான்கும் திரும்பி விளிம்பின் நிழலுக்குள் நுழைந்தன.

"வெளிச்சம்!" இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலில் புழு மட்டும் நுழையும் துளைகள் போட்டார். உள்ளே ஈரல் துண்டு, வெளியே கறுப்புத் துணி. தொட்டிக்கு ஒன்றாக மூலையில் இறக்கி, மற்ற இடமெல்லாம் விளக்கைக் கொளுத்தினார். வெளிச்சம் விரட்ட, ஈரல் இழுக்க, புழுக்கள் ஊர்வலமாகப் பாட்டிலுக்குள் போயின. தொட்டிக்காரர் குதித்த குதியில் அலமாரி ஆடியது. நாள்தோறும் பாட்டில் நிறைந்தது, தொட்டி தெளிந்தது.

சனிக்கிழமை வியாபாரி பூதக்கண்ணாடியோடு குனிந்தார். வாசலில் மச்சான், வண்டியோடு. தொட்டியில் புழு இல்லை. ஆனால் வியாபாரியின் கண், துணி கழற்றி அலமாரியில் வைத்த பாட்டிலில் விழுந்தது.

"இது என்னங்க நெளியுது?"

மனைவி கணவரின் காலை மிதித்தாள். அவர் மறைக்கவில்லை. "தட்டைப்புழு. நானே பிடிச்சேன். முட்டை எங்கயாவது ஒட்டியிருக்கலாம். அதனால இறாலோட, புழு பிடிக்கிற இந்தப் பாட்டில் ஒண்ணும் கொண்டுபோங்க."

"ஒண்ணா? என் தொட்டியெல்லாம் இந்தச் சனியன்தான்யா! எத்தனை இருந்தாலும் கொடுங்க!"

இறாலுக்கும் பாட்டிலுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுப் போனார் வியாபாரி. மச்சான் மெல்ல உள்ளே வந்தான்.

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் மச்சான்."

"வண்டியோடவா? கையை நீட்டுய்யா."

நீட்டிய உள்ளங்கையில் தொட்டிக்காரர் வாய்விட்டு எண்ணி எண்ணி வைத்தார், கடைசி நோட்டு வரை.