குடை கொண்டாந்தியா?

மதுரையில் என் முகம் பிரபலமானதற்குக் காரணம் என் திறமை அல்ல. ஊருக்குப் பார்க்க வேறு முகம் இல்லாததுதான். எண்பதுகளின் பிற்பாதி அது. கொடைக்கானல் மலையில் கோபுரம் வந்து, சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் எங்கள் பக்கம் புள்ளி பறக்காமல் தெரியத் தொடங்கியிருந்தன. வாரம் ஒரு மாலை மாவட்டங்களின் செய்தித் தொகுப்பு வரும். அதில் மதுரைப் பக்கத்துச் செய்தியாளர் நான். கல்லூரி முடித்த கையோடு நேர்காணலுக்குப் போனேன். 'ழ' சரியாக வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

இருந்ததே ஒரு சேனல். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் என்னைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார்ந்ததும் மடியில் ஒரு மனுவைக் கொடுப்பார்கள். பென்ஷன் வரவில்லை, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை, மருமகன் குடிக்கிறான், எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: "டிவில சொல்லிரு தாயி." காய்கறிக்காரம்மா எடைக்கு மேல் ஒரு கத்தரிக்காய் போடுவார். கூடவே, "நேத்து கட்டியிருந்த சீலை ஒனக்கு எடுக்கல" என்பதையும் போடுவார்.

என்னோடு வந்த கேமராமேன் என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கேமரா தோளில் ஏறிவிட்டால் நான் வாய்விட்டு "போதும்ணே" என்று சொல்லும்வரை நிறுத்த மாட்டார். நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே நெல் வயல்களில் எலித் தொல்லை என்று படம் எடுக்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். விவசாயத் துறையில் இளம் அதிகாரி. எலி ஒழிப்பை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். வரப்பில் நடக்கும்போது எலிகளின் குடும்ப விவகாரங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர், மைக்கை நீட்டியதும் கொடியேற்றத்துக்கு நிற்பவர் மாதிரி விறைத்துவிட்டார்.

"எலி என்பது... ஒரு... பிராணி."

அவ்வளவுதான். திரும்பத் திரும்ப எடுத்தோம். அண்ணன் பொறுமை இழந்து, "சார், அந்தா வளைக்குள்ள இருந்து எட்டிப் பாக்குதே, அது ஒங்களவிட நல்லா ஒத்துழைக்குது" என்றார். அவர் கோபப்படவில்லை, எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு ஒரு வளையை வெட்டிக் காட்டினார். உள்ளே எலி சேர்த்து வைத்திருந்த கதிர்கள் குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தயங்கியபடி பார்க்க, அதிகாரி தன் கைக்குட்டையை விரித்து அள்ளிப்போட்டு அவரிடம் கொடுத்தார். அதைக் கேமராவுக்காகச் செய்யவில்லை. அந்த நேரம் கேமரா ஓடவும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிடித்துப்போயிற்று. எங்கே சந்திப்பது? சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் விளக்குப் போட்டால் வரிசையே திரும்பி என்னைப் பார்க்கும். கோயிலுக்குப் போனால் பூக்காரம்மா, "டிவி பொண்ணு, சார் யாரு, ஒங்க ஆபீசா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். கையில் மைக் இருந்தால் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனவே அவரைப் பேட்டி எடுத்தேன். எலிக்குப் பிறகு தொழு உரம். தொழு உரத்துக்குப் பிறகு வாழை. படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும் வரப்பில் நடந்து பேசுவது எங்களுக்கு. நடுவில் அவர் விறைத்து நிற்பது நாட்டுக்கு.

சென்னையிலிருந்து தயாரிப்பாளர் போன் செய்தார். "ஏம்மா, உங்க மாவட்டத்துல வேற ஆபீசரே கிடையாதா?"

"இவர் நல்லா விளக்கமாச் சொல்வாரு சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

வாழைப் பேட்டியைக் கோச்சடையில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், வைகைக் கரைத் தோப்பு ஒன்றில் எடுத்தோம். இலைப்புள்ளி நோயை ஒருவழியாக முடித்து "நன்றி" என்றேன். பேட்டி முடிந்துவிட்டதாக அவர் நினைத்தார். தூறல் விழுந்தது. அப்போதுதான் விறைப்பு கழன்று, வாழ்நாளிலேயே முதல் முறையாகக் கேமராவின் முன் இயல்பாகப் பேசினார்.

"மழை வருது பாரு. குடை கொண்டாந்தியா? நேத்தும் நனைஞ்ச."

நான் "போதும்ணே" என்று சொல்லவில்லை. மழையில் கேசட்டைக் காப்பாற்றுவதில் அதை மறந்தே போனேன். காலை ரயிலில் கேசட் சென்னைக்குப் போனது. கடைசித் துண்டை அங்கே வெட்டிவிடுவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வெட்டவில்லை.

அது ஒளிபரப்பான மாலை வழக்கம்போல் எங்கள் தெருவில் பாதி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. முன்னால் நாற்காலியில் அப்பா. இலைப்புள்ளி நோய் முடிந்தது. குடை வந்தது. கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ஏத்தா, யாரு அவரு?" என்றார் அப்பா, திரும்பாமலே.

"விவசாய ஆபீசர்ப்பா."

"அதான் கீழ எழுத்துப் போட்டாய்ங்களே. நேத்து எங்க நனைஞ்ச?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "குடை இல்லாமயா போன?" என்றாள். குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான் என் உடம்பைப் பற்றி அக்கறை.

வேலைக்குப் போக வேண்டாம் என்றார் அப்பா. அதோடு பேச்சையும் நிறுத்தினார். பையன் நம் ஆட்கள்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு பாதிக் கோபம் வடிந்தது. அந்தப் பாதிக்காக அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. வேலைக்கு நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவர் பேசாததால் தடுக்கவும் வழியில்லை.

ஊர் பேசியது. பஸ் நிறுத்தத்தில், மார்க்கெட்டில், கல்லூரி வாசலில், எங்கே போனாலும் "குடை கொண்டாந்தியா?" தான். முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. மற்ற நிருபர்கள் எல்லாம் செய்தியாளர்கள்; நான் மட்டும் குடைக்காரி.

ஆனையூரில் குடிநீர்க் குழாய் பதித்தும் தண்ணீர் வராமல் கிடந்தது. அதைப் பற்றி உள்ளூர்த் தலைவர் ஒருவர் அங்கேயே நிருபர்களைச் சந்தித்தார். சுற்றிலும் காலிக் குடங்களோடு பெண்கள். நான் எழுந்து, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "அம்மா, குடை கொண்டாந்தீங்களா?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"இல்லைங்கய்யா," என்றேன். "இங்க வானத்துலயும் தண்ணி வரல, ஒங்க குழாயிலயும் வரல. குடை எதுக்கு? தண்ணி எப்ப வரும்?"

இந்த முறை குடங்களின் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. அவர் எதையோ மென்று விழுங்கி, மாதக் கடைசிக்குள் என்றார்.

அரசாங்கத் தொலைக்காட்சி என்பதால், என் கேள்வியை வெட்டிவிட்டு அவர் புன்னகைத்ததை மட்டும் காட்டினார்கள். குடையை விட்டவர்களுக்கு இதை வெட்டத் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விவசாய ஆபீசரின் அப்பாவும் அம்மாவும் அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். அவர்கள் வீடு ஆனையூரில். கல்யாணத்துக்குப் பிறகு டிவி வேண்டாம் என்பார்கள் என்று எதிர்பார்த்து, பதிலைப் பாடமே பண்ணி வைத்திருந்தேன். காப்பி வந்ததும் எங்கள் அப்பாவே முந்திக்கொண்டார். "கல்யாணம் ஆனா வேலைய விட்ருவா. அதுல ஒங்களுக்கு எந்த யோசனையும் வேணாம்."

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "என்னண்ணே இப்பிடிச் சொல்றீக? அன்னைக்குக் கொடத்தோட நானும் அங்கதான் நின்னேன். இம்புட்டு வருசத்துல எங்க தெருவுக்காக ஒருத்தரும் வாயத் தொறக்கல. தண்ணி வர்ற மட்டும் அவ வேலைய விடக் கூடாது."

"வந்த பெறகு?"

"ரோடு இருக்குல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். பல நாள் கழித்து நேராகப் பார்த்தார். இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார். மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, அந்த இடைவெளியில் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பம்புசெட்டுக்குக் கரண்டு இணைப்பு கேட்டு மனு.

திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். அண்ணன் யாரையும் கேட்காமல் அலுவலகக் கேமராவையே கொண்டுவந்து முழுசாகப் படம் பிடித்தார். தாலி கட்டியது, அம்மா அழுதது, அப்பா அழவில்லை என்று காட்டிக்கொள்ள விசிறியால் வீசிக்கொண்டது, எல்லாம் அதில் இருந்தது. ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தோம். மறு வாரம் கையிருப்பில் வேறு கேசட் இல்லை. மேலூர்ப் பக்கம் பால் சங்கத் திறப்பு விழாவை அதன் மேலேயே பதிவு செய்தோம். மைக் பிடித்தது நான்தான். கையில் மருதாணி இன்னும் அழியாமல் இருந்ததால் குளோசப் வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஆனையூரில் என் மாமியார் பக்கத்து வீட்டு டிவி முன்னால் தெருவையே கூட்டிவைத்து அதைப் பார்த்துவிட்டு, பால் விலையை நான் ஏன் கேட்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்.