பெரியப்பாவை நான் ஒளித்து வைத்தது

எங்கள் வீட்டில் 'பிணம்' என்ற சொல்லுக்கு இடமில்லை. அப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளர். மேசையில் கிடத்தப்பட்டிருப்பவர்களை அவர் 'எங்கட ஆக்கள்' என்றுதான் சொல்வார். பின்னேரம் வந்ததும் கிணற்றடியில் நின்று தேசிக்காய்த் தோலால் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அப்படியும் அந்த மருந்து மணம் போகாது. அது அப்பாவோடு கூடப் பிறந்த மணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கோழிக்கறி வைக்கும் நாட்களில் அம்மா எலும்பில்லாத துண்டாகத் தேடி அவருக்குப் போடுவார். இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசை வகுப்பறையாகிவிடும்.

அந்த வருடம் அப்பாவுக்கு ஒரே கவலை. உடலைத் தானமாகக் கொடுக்கிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். ஒரு மேசையைச் சுற்றி இருபது பிள்ளைகள் நின்றால், பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறு என்ன தெரியும் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார்.

"அதுக்கேன் கவலைப்படுறாய்? நான் ஒருத்தன் இருக்கிறன் தானே" என்றார் பெரியப்பா ஒருநாள்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். ஓர்ஸ் ஹில் பகுதியில் எங்கள் வளவுக்குள்ளேயே பக்கத்து வீட்டில் இருந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லாததால், என்னில் பாதி தனக்கு என்று உரிமை கொண்டாடுவார்.

"முப்பது வருசம் நான் கப்பல் இழுத்தனான். இனி உன்ர பிள்ளையள் என்னை இழுத்துப் படிக்கட்டும்."

"வாயைக் கழுவுங்கோ" என்று ஏசினார் பெரியம்மா. "கோயில்ல பூசை வைச்சு, சேமக்காலையில அடக்கம் பண்ண வேண்டிய மனுசன் கதைக்கிற கதையே இது?"

பெரியப்பா பகிடிக்குச் சொல்லவில்லை. அடுத்த கிழமையே உடல்தானக் கடிதத்துக்கான படிவத்தை வாங்கிவரச் செய்து கையெழுத்து வைத்தார். நெருங்கிய உறவினர் ஒருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். பெரியம்மா பேனையைத் தொடவே மறுத்துவிட்டார். கடைசியில் தம்பி என்ற முறையில் அப்பாதான் கையெழுத்திட்டார். "எங்கட வீட்டில வைச்சா இவ அடுப்பில போட்டிடுவா" என்று சொல்லி, பெரியப்பா அந்தக் கடிதத்தை எங்கள் அலுமாரியில் வைப்பித்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: கையெழுத்து வைத்தாயிற்று, இனிப் பெரியப்பா அப்பாவுக்குச் சொந்தம். வகுப்புக்குத் தேவைப்படுகிற அன்று அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு காதில் விழுந்ததெல்லாம் அதற்கே சாட்சி சொன்னது.

"அண்ணை, குளிசை போட்டனீங்களோ? எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறையுங்கோ, வயிறு வண்டி வைக்குது."

"ஓமோம், கொழுப்புக் கூடினா உன்ர பிள்ளையளுக்கு வெட்டக் கஷ்டமெல்லே? மெலிஞ்சு வாறன், பயப்பிடாதை."

இருவரும் சிரிப்பார்கள். எனக்கோ, நத்தார்ப் பண்டிகைக்கு அடிக்கவென்று வாங்கிக் கட்டிய ஆட்டை முன்வீட்டுக்காரர் நாள்தோறும் தடவிப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும்.

ஒருநாள் அம்மா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கடிதத்தை எடுத்தேன். விறாந்தை மூலையில் இருந்த அந்தோனியார் சொரூபத்தின் கீழே, பின்னல் துணிக்கு அடியில் ஒளித்தேன். காணாமற்போன பொருட்களைத் தேடித் தருகிறவரிடமே கொண்டுபோய் ஒளித்தது எவ்வளவு பெரிய பிழை என்பது படுக்கப் போன பிறகுதான் உறைத்தது. இடத்தை மாற்றலாமா, மாற்றப்போய் அகப்பட்டுவிடுவேனா என்று மூன்று நாள் யோசித்தேன். இன்றும் நான் அப்படித்தான். மகனின் மருந்துப் போத்தலை வைத்த இடம் சரிதானா என்று எழும்பிப் போய்ப் பார்த்து, வேறிடத்தில் வைத்து, திரும்பவும் பழைய இடத்திலேயே வைக்கிறவள். கடைசியில் அந்தோனியாரோடு நேரடியாகவே பேசி முடித்தேன்: 'இதை மட்டும் காட்டிக் குடுத்திடாதேயும்.'

ஒரு சனிக்கிழமை காலை பெரியப்பா சந்தையிலிருந்து பாரை மீன் வாங்கிக்கொண்டு வந்தார். பையை எங்கள் குசினி வாசலில் வைத்தவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். அப்பாவும் பெரியம்மாவும் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மத்தியானம் அப்பா தனியாகத் திரும்பி வந்தார்.

"என்ன மாதிரி?" என்றார் அம்மா.

"இன்னும் ஒண்டும் சொல்ல ஏலாதாம். மூச்சு விடவே கஷ்டப்படுறார், அதுக்குள்ள அந்தக் கடிதத்தைக் கொண்டுவா எண்டு நிக்கிறார்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா அலுமாரியைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, என் தடுப்பூசி அட்டை எல்லாம் நிலத்துக்கு வந்தன. ஒரே கோவையை மூன்று தரம் புரட்டினார். எலும்புகள் போட்ட பைக்குள் கைவிட்டு, பாராமலே எது எந்த எலும்பு என்று சொல்லக்கூடிய அந்தக் கைகளிலிருந்து கடுதாசிகள் வழுகி விழுந்தன.

"பிள்ளை, நீ எங்கயும் கண்டனியோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா போய் அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். கடிதம் கிடைக்க வேண்டுமென்று முழங்காலில் நின்று வேண்டினார். அவர் நெற்றிக்கும் கடிதத்துக்கும் ஒரு சாண் தூரம்தான். அந்தோனியார் யார் பக்கம் நிற்பாரோ என்று எனக்கு உயிர் போய் வந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. அப்பா எடுக்கவில்லை. பரந்து கிடந்த கடுதாசிகளுக்கு நடுவே நிலத்தில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அம்மாதான் ஓடிப்போய் எடுத்தார். மறுமுனையில் பெரியம்மா. அம்மா கேட்டுக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஆபத்துக் கட்டம் தாண்டிட்டுதாம். எழும்பி இருக்கிறாராம். தேத்தண்ணிக்குச் சீனி போடேல்லையெண்டு ஏசிறாராம்!"

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரித்தும் இருக்கலாம்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? வெற்றி பெற்றவளாய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் நீட்டினேன்.

"அப்பா, இது உங்களிட்ட இல்லாததாலதான் பெரியப்பா தப்பினவர்."

"நீயோ எடுத்தனி?"

"இல்லாட்டி நீங்கள் அவரை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவீங்கள்."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அப்பா தன்னுடைய கையெழுத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வைச்சிருந்தனி?"

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா அந்தோனியாரை மெல்லத் தூக்கி, பின்னல் துணிக்கு அடியில் கடிதத்தை வைத்து, சுருக்கம் தெரியாமல் கையால் தடவிவிட்டார்.

"ஆரிட்டையும் சொல்லாதை. பெரியப்பாட்டையும்."

பார்த்துக்கொண்டு நின்ற அம்மா மீன் வெட்டப் போய்விட்டார்.

ஒரு கிழமை கழித்துப் பெரியப்பா வீடு வந்தார். கதிரையில் இருந்ததும் முதற்கேள்வி அதுதான்.

"கடிதம் கிடைச்சுதோடா?"

"பத்திரமா இருக்கு, அண்ணை" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பாவைக் காப்பாற்றியாயிற்று. அப்பாவும் என் பக்கம் வந்தாயிற்று.

அப்படியான கடிதம் எப்போதும் இரண்டு பிரதிகளாகத்தான் எழுதப்படும். மற்றது பல்கலைக்கழகத்தில், அப்பாவின் மேசை லாச்சிக்குள், அவர் கையாலேயே இலக்கமிட்டுக் கோவைப்படுத்தப்பட்டிருந்தது. வீட்டில் இருந்ததை எங்கே ஒளித்தாலும் எதுவும் மாறப்போவதில்லை. எனக்கு அது அப்போது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.